தகரச் சத்தம்

"ஹேமந்த் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டானாம்!"

கத்திக்கொண்டே ரூபேஷ் மேகனாவிடம் ஓடி வந்தான்.

மூவரும் ஆறாம் வகுப்பு. ஹேமந்துக்கு ரத்தப் புற்றுநோய். சில மாதங்களாகப் பெங்களூருக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறான். பாதியில் நிறுத்தவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவனோ சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான்.

அவனுக்குத் தொற்று வந்துவிடும் என்று யாரும் அவன் அறைக்குள் போவதில்லை. அவன் அம்மா கதவருகே நின்று கெஞ்சினார். பிள்ளைகள் படம் வரைந்து ஜன்னல் கண்ணாடி முழுக்க வெளியே ஒட்டினார்கள். ரூபேஷ் குரங்கு மாதிரி குதித்துக் காட்டினான். அதற்கு அவன் பெரிதாகச் சிரமப்படவில்லை. ஹேமந்த் மட்டும் திரும்பவே இல்லை.

சாயங்காலம் மேகனாவின் அக்கா நளினி ரயிலில் அவர்கள் ஊரான கோரமண்டலுக்கு வந்து இறங்கினாள். பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் ரத்தப் புற்றுநோயைப் பற்றி ஆராய்கிறாள்.

"அக்கா, ஹேமந்துக்குப் புது மருந்து இன்னும் கண்டுபிடிக்கலையா?"

"எங்க வேலை ரொம்ப மெதுவா போற வேலை, மேகி. இப்போ அவனுக்கு டாக்டர் குடுக்குற மருந்துதான்."

"அப்போ தினமும் அங்க இன்னா பண்ணிகினு இருக்க?"

"நோய் வந்த செல்லுங்களை வளர்க்கிறோம். அதுக்குள்ள ஆயிரக்கணக்குல ஜீன் இருக்கு. எது இன்னா வேலை செய்யுதுன்னு முழுசா தெரியாது. அதனால ஒரு செல்லுல ஒரு ஜீனை வெட்டி நிறுத்துவோம். இன்னொண்ணுல வேற ஜீனை. எந்த செல்லு வாடுதுன்னு பார்ப்போம்."

"வாடினா?"

"நிறுத்தின ஜீனை நம்பித்தான் அது உயிரோட இருந்துச்சுன்னு தெரியும். அப்புறம் அந்த ஜீனை அடக்குற மருந்தைத் தேடலாம்."

மேகனா சாப்பிடும்போதும் யோசித்தாள். ஹேமந்தும் வாடித்தான் கிடக்கிறான். ஆனால் நோய் வந்த புதிதில் சிரித்துக்கொண்டுதானே இருந்தான்? அப்புறம் எதை நிறுத்தினோம்?

பள்ளிக்கூடம் நின்றது. அதற்கு அவன் கைதட்டினான். கடைப் பரோட்டா நின்றது. ஒரு நாள் முழுக்கத் திட்டினான், அவ்வளவுதான். பிறகு...

அவன் ஜன்னலுக்கு வெளியே ஆடும் தெரு கிரிக்கெட்!

"புள்ள தூங்கணும், சத்தம் போடாதீங்க" என்று பெரியவர்கள் விரட்டியதும் ஆட்டம் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டது. அதிலிருந்துதான் அவன் சுவரைப் பார்க்க ஆரம்பித்தான்.

மறுநாள் சனிக்கிழமை. மேகனா ஹேமந்தின் அம்மாவிடம் போனாள்.

"ஆன்ட்டி, இன்னைக்கு மட்டும் இங்க ஆடறோம். அவனுக்குத் தொந்தரவுன்னா உடனே நிறுத்திடறோம்."

அவர் தயங்கினார். பிறகு, "ஆடுங்க கண்ணு" என்றார்.

எதிர்வீட்டுத் தகர வேலிதான் ஸ்டம்ப். பந்து பட்டது. டமார்!

ஜன்னலில் அசைவில்லை. இன்னொரு டமார், இன்னொருவன் அவுட். மேகனாவுக்கு அழுகை வந்தது. இருந்தாலும் அடுத்து அவள் மட்டையைப் பிடித்தாள்.

அப்போது கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

படங்களின் இடுக்கில் ஹேமந்தின் மொட்டைத் தலை! 'இதையெல்லாம் எடு, ஒன்றுமே தெரியவில்லை' என்று கோபமாகக் கை காட்டினான். ரூபேஷ் ஓடிப்போய் எல்லாவற்றையும் பிய்த்தான்.

அடுத்த பந்து மேகனாவின் காலில் பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் மெலிந்த விரல் ஒன்று மேலே உயர்ந்தது.

"அவுட்டா? சான்ஸே இல்ல!" என்று கத்தினாள் மேகனா.

ஹேமந்த் திரும்பி ஏதோ சொன்னான். அவன் அம்மா வாசலுக்கு வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"நீ அவுட்டுதானாம். மீதி சண்டையை ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து போட்டுக்கறானாம்."

அடம்பிடிக்காமல் மேகனா மட்டையைக் கொடுத்தது அன்றுதான்.