அண்ணிக்கு ஒன்றுமில்லை

உள்ளே யாருமே இல்லாதபோது மணி அடித்தது.

காலையில், முதல் நோயாளி வருவதற்கு முன்பே. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையின் படுக்கை காலியாக இருந்தது. விரித்திருந்த வெள்ளைத் துணியில் ஒரு கசங்கல்கூட இல்லை. படுக்கையின் ஓரத்துக் கொக்கியில் ரப்பர் பந்து தொங்கியது. எந்திரத்துக்குள் படுப்பவர்கள் கையில் கொடுக்கும் பந்து அது. ஏதாவது சங்கடமென்றால் அமுக்கவேண்டும். அமுக்கினால் மெல்லிய குழாய் வழியே காற்று போய், கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, ஸ்கேன் எடுக்கும் அவள் மேசையில் மணி அடிக்கும். அவள் கனத்த கதவைத் திறந்து உள்ளே போனபோது பந்து ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க மெதுவாகக் காற்றேறி உருண்டையானது. தொட்டாள். யாரோ இவ்வளவு நேரம் கைக்குள் வைத்திருந்தது மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

"சனியன், காலங்காத்தாலேயே ஆரம்பிச்சிடுச்சு" என்று வாய்விட்டுத் திட்டினாள். திட்டினால் பயம் கொஞ்சம் குறையும்.

அதன்பின் நாள் முழுக்க அதே கதைதான். மணி அடிக்கும். ஓடும் ஸ்கேனை நிறுத்திவிட்டு உள்ளே போய், "அமுக்கினீங்களா?" என்று கேட்பாள். "இல்லையேம்மா" என்பார்கள். பாதியில் நின்ற படத்தை முதலிலிருந்து எடுக்கவேண்டும். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுப்பதை விட்டுச் சத்தமாகவே பேச ஆரம்பித்தார்கள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட நேரமில்லாமல் மேனேஜருக்கு போன் போட்டாள்.

"சர்வீஸ் ஆள் அடுத்த வாரம்தான் வருவான். குழாயைப் பிடுங்கிப் போட்டுட்டு வேலையைப் பாருங்க."

"சார், மருந்து ஏத்துற கேஸுக்கு மணி இல்லாம முடியாது. ஒருத்தருக்கு ஒத்துக்காம போய்த் தொண்டை வீங்கிடுச்சுன்னா கத்தக்கூட வராது. கை மட்டும்தான் இருக்கும்."

"அதான் மைக் இருக்கே. கேட்டுக்கிட்டே இருங்க."

"மெஷின் போடுற சத்தத்துல மைக்ல என்ன சார் கேக்கும்?"

மேனேஜர் போனை வைத்துவிட்டார். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. கோபத்தில் வருகிற அழுகை.

கடைசியாக வந்தது அவளுடைய சொந்த அண்ணி. ஓயாத தலைவலி, படம் தெளிவாக விழ நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கச் சொல்லியிருந்தார்கள். கூடவே அண்ணன். அவள் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தாள். சிறுநீரகம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்து, எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டாள்.

"அண்ணி, முன்னாடி வேற இடத்துல இந்த மருந்து போட்டாங்களே, அப்ப ஏதாவது பண்ணுச்சா? அரிப்பு, தடிப்பு, மூச்சு முட்டல்?"

"ஒண்ணுமில்லை. அவ நல்லா இருக்கா. நீ சீக்கிரம் ஆரம்பி" என்றான் அண்ணன்.

"அண்ணியைத்தான்ணே கேட்டேன்."

"அவளைக் கேட்டா என்ன, என்னைக் கேட்டா என்ன?"

அண்ணி சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். கடையில், டாக்டரிடம், பெற்ற தாயிடம்கூட, அண்ணி வாயைத் திறப்பதற்குள் பதில் அண்ணன் வாயிலிருந்து வந்துவிடும். கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். இன்று இன்னும் கூடுதலாக வந்தது.

அண்ணியைத் தனியாக உள்ளே கூட்டிப்போனாள். கையில் ஊசி பொருத்தி, மருந்துக் குழாயை அதில் மாட்டி, படுக்கவைத்து, தலைக்குமேல் பிளாஸ்டிக் கூண்டை மூடி, பந்தை உள்ளங்கையில் வைத்தாள். அண்ணி மறுகையால் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டாள்.

"சிட்டு," அண்ணி மட்டும்தான் அவளை அப்படிக் கூப்பிடுவாள், "போன தடவை ஊசி போட்டப்ப எனக்கு..."

மணி அடித்தது. அண்ணியின் விரல்கள் விரிந்தே இருந்தன. பந்து உள்ளங்கையில் சும்மா கிடந்தது. "நான் அமுக்கலைடி" என்றாள் அண்ணி பயந்துபோய். மணி நிற்கவில்லை. விடாமல், வெறி பிடித்ததுபோல அடித்தது. காலையிலிருந்து அடக்கிவைத்த எரிச்சலெல்லாம் ஒன்றுசேர, அவள் பந்தின் குழாயைப் பிடுங்கினாள். சத்தம் நின்றது.

"இது வேணாம் அண்ணி. நான் மைக்ல கேட்டுக்கிட்டே இருப்பேன். நீங்க பதில் சொல்லிக்கிட்டே இருங்க."

வெளியே வந்து பந்தைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் எறிந்தாள். மருந்தில்லாத படம் முடிந்தபிறகுதான் அண்ணி என்னவோ சொல்லவந்தது நினைவுக்கு வந்தது. மைக்கை அழுத்தினாள்.

"அண்ணி, ஊசி போட்டப்ப என்னமோன்னு சொன்னீங்களே?"

ஸ்பீக்கரில் அண்ணியின் குரல் வந்தது. "ஒண்ணுமில்லை. நல்லா இருக்கேன்."

அவள் அதை நம்பினாள். பொத்தானைத் தட்டினாள்.

உள்ளே ஊசி எந்திரம் மெல்ல முனகியபடி மருந்தைத் தள்ளியது. பிறகு படம் எடுக்கும் சத்தம் தொடங்கியது. தகரக் கதவைச் சுத்தியலால் ஓயாமல் அடிக்கும் சத்தம். கண்ணாடி வழியே அண்ணியின் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன, மற்றதெல்லாம் அந்த வெள்ளைத் துளைக்குள். குளிர்சாதனக் காற்றில் ஸ்பிரிட் வாடையோடு ரப்பர் வாடையும் கலந்து வந்தது. சூடான ரப்பர் வாடை.

"அண்ணி, எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன்."

சரி என்று திரையைப் பார்த்தவள் சட்டென்று ஸ்பீக்கர் பக்கம் திரும்பினாள். இந்தச் சத்தத்தில் நோயாளிகள் கத்தினாலே மைக்கில் முணுமுணுப்பாகத்தான் கேட்கும். இந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னதுபோல.

கீபோர்டுக்குப் பக்கத்தில் பந்து நசுங்கியது.

யாரும் தொடவில்லை. குழாயின் முனை எதிலும் மாட்டாமல் மேசையிலிருந்து தொங்கியது. ரப்பரில் நான்கு பள்ளங்கள் விழுந்தன. விரல் பதிகிற பள்ளங்கள். விட்டது. மறுபடி அமுக்கியது. முன்னைவிட வேகமாக.

"அண்ணி?"

"எனக்கு ஒண்ணுமில்லை."

"அண்ணி, என்னை எப்படிக் கூப்பிடுவீங்க? கூப்பிடுங்க."

ஸ்பீக்கர் பேசவில்லை. சுத்தியல் சத்தம் மட்டும். பந்து நசுங்கியது. விட்டது. நசுங்கியது.

"சீக்கிரம் முடி" என்றது அண்ணியின் குரல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குதிகால்கள் படுக்கையில் அடித்துக்கொண்டிருந்தன.

நிறுத்தினாள். ஓடினாள். கதவு. படுக்கையை இழுத்தாள். கூண்டுக்குள் அண்ணியின் முகம். உதடுகள் தடித்து வீங்கி, கண்கள் வீங்கி மூடி. கழுத்தெல்லாம் சிவப்புத் தடிப்பு. நெஞ்சு ஏறியது, காற்று உள்ளே போகவில்லை. ஒரு சத்தமும் இல்லை. காலியான கை மட்டும் எதையோ பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தது.

"டாக்டர்!" என்று அவள் போட்ட கூச்சல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

மாடியிலிருந்து டாக்டர் ஓடிவந்தார். இரும்பில்லாத தள்ளுவண்டியில் அண்ணியை மாற்றி, காந்த அறைக்கு வெளியே, மேசையருகே கொண்டுவந்தார்கள். டாக்டர் அண்ணியின் தொடையில் ஊசியைக் குத்தினார். மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார். உள்ளே எந்திரம் காலியாக, விளக்கெரிய, சத்தமில்லாமல் கிடந்தது. வாசலில் அண்ணன் வந்து நின்றான்.

"என்னாச்சு? என்னாச்சு அவளுக்கு?"

யாரும் பதில் சொல்வதற்குள் மேசைமேல் ஸ்பீக்கர் கரகரத்தது. அது காலி எந்திரத்துக்குள் இருக்கும் மைக்கின் ஸ்பீக்கர்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. நல்லா இருக்கேன்."

டாக்டரின் கை அப்படியே நின்றது. அண்ணன் மட்டும் நிம்மதியாக மூச்சுவிட்டான். அவன் தள்ளுவண்டியைப் பார்க்கவே இல்லை. ஸ்பீக்கரையே பார்த்துச் சிரித்தான்.

"அதான் அவளே சொல்றாளே, நல்லா இருக்கேன்னு."

அவள் மணிக்கட்டை அண்ணியின் விரல்கள் பிடித்திருந்தன. நான்கு விரல்கள். அமுக்கின. விட்டன. மறுபடி அமுக்கின, கொஞ்சம் மெதுவாக.