மூடியில் எழுதிய பெயர்

ஃபார்மலின் கேனைத் திறந்தபோது அவளுக்குக் கண் கரிக்கவில்லை. முப்பத்தொரு வருடமாக மூக்கைக் குத்தி, தொண்டையைச் சுரண்டி, வீட்டுக்குப் போன பிறகும் உடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த நெடியே இன்று இல்லை. அசதி என்று நினைத்துக்கொண்டாள்.

ஆய்வகம் அப்பா தொடங்கியது. இப்போது தம்பி டாக்டர். திசுக்களைப் பதப்படுத்துவது அவள். வெட்டியெடுத்த சதைக்குள் ஃபார்மலின் மெல்ல ஊறும். புரதங்களை ஒன்றோடொன்று கோத்துப் பூட்டும். அதன்பின் சதை அழுகாது, நெகிழாது.

"அக்கா, அந்தம்மாகிட்ட இன்னைக்காவது சொல்லிடலாம்."

போன மாதம் இரண்டு பெண்களின் மார்புக் கட்டியிலிருந்து துண்டுகள் வந்தன. தம்பி அவசரத்தில் பெயரைப் புட்டியில் எழுதாமல் மூடியில் எழுதிவிட்டான். மூடிகள் மாறின. புற்று இருந்தவளுக்கு 'ஒன்றுமில்லை' என்று அறிக்கை போனது. கண்டுபிடித்தவள் அவள்தான். மறைத்தவளும் அவள்தான்.

"வாசல்ல அப்பா பேரு இருக்கு. வாயை மூடிக்கிட்டு வேலையப் பாரு."

"அப்பா இருந்திருந்தா சொல்லியிருப்பாருக்கா."

"அப்பா இருந்திருந்தா நீ மூடியில எழுதியிருப்பியா? டாக்டராம் டாக்டரு. போடா."

அவன் போய்விட்டான்.

மத்தியான வெயில் கண்ணாடிப் புட்டிகளின் வழியே வெளிறி மேசையில் விழுந்து கிடக்க, குழாய் சொட்டுகிற ஓசையும் காற்றாடியின் முனகலும் மாறி மாறிக் கேட்க, அவள் நாற்காலியில் சாய்ந்தாள். விரல் நுனிகள் மரத்திருந்தன. தேய்த்தாள். நகத்தால் அழுத்தினாள். குழி விழவில்லை. உதட்டைத் தொட்டாள். ரப்பர் போல இருந்தது.

தொலைபேசி அடித்தது. இரண்டு கைகளாலும் இடுக்கி எடுத்தாள்.

"அக்கா, நான்தாங்க, போன மாசம் ரிப்போர்ட் வாங்கினேனே. கட்டி கொஞ்சம் பெருசான மாதிரி இருக்கு. ஒண்ணுமில்லதானே? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நிம்மதி."

சொல்லிவிட வேண்டும். பெயர் போகட்டும். நாக்கை எழுப்பினாள்.

எழவில்லை.

மறுபடி. தாடை அசையவில்லை. தொண்டையில் காற்று மட்டும்.

"அக்கா? இருக்கீங்களா?"

மறுபடி.

"சரிங்க, வேலையா இருக்கீங்க போல. ஏதாவது இருந்தா சொல்லாமலா இருப்பீங்க!" அந்தப் பெண் சிரித்தாள். "பெரிய இடம், உங்களை நம்பாம வேற யாரை நம்புறது? வச்சிடறேன்."

இணைப்பு அறுந்தது. ரிசீவர் காதோடு இறுகி நின்றது. கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தாள். இமை இறங்கவில்லை.

ஓர் ஈ வந்து அவள் கன்னத்தில் உட்கார்ந்தது. கால்களைத் துடைத்துக்கொண்டது. பிறகு நிதானமாக மேலே ஏறி, திறந்த கண்ணின் குறுக்கே நடந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.