பதில் தராத அலகு

மகள் ரூபினா கண் விழித்ததும் ஜெசிந்தா பேச்சை நிறுத்திவிடுவாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். விடியற்காலையில் குழாயடியில் கசகசவென்று கேட்கும் குரல்கள், பிள்ளைகள் எழும் நேரம் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக அடங்கும். பிறகு பாத்திரங்களின் சத்தமும் கடலின் சத்தமும் மட்டும்தான். பிள்ளைகள் உள்ளே போய்ப் பள்ளிக்கூட வாசல் மூடிய பிறகே தாய்மார்கள் வாய் திறப்பார்கள். பக்கத்து வீட்டுச் சந்தனமாரியின் கணவனுக்குத் தூக்கத்தில் உளறும் பழக்கம். அவனை அவள் மொட்டை மாடிக்கு அனுப்பி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

ரூபினா கைக்குழந்தையாக இருந்தபோது தூத்துக்குடித் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளத் தொடங்கியிருந்தன. சொடுக்கும் சீழ்க்கையுமான அந்தப் பேச்சுக்குத் துடிமொழி என்று பெயர். ஜெசிந்தாவின் கணவன் செல்வின், அங்கே மிஞ்சியிருந்த சில மனிதத் தொழிலாளிகளில் ஒருவன். ஒருநாள் கொள்கலன் ஒன்று சரிவதைப் பார்த்துக் கீழே நின்று கத்தினான். நிறுத்து, நிறுத்து என்று அவன் கத்தியது மதிலுக்கு வெளியே வரை கேட்டதாகச் சொன்னார்கள். பாரந்தூக்கிக்குத் தமிழ் தெரியாது.

தன் மகள் கத்தினால் அது நிற்க வேண்டும். ஜெசிந்தா அன்று நினைத்தது அவ்வளவுதான்.

மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் துடிமொழியிலேயே பிள்ளையை வளர்க்கும் மூழ்குமுறை வந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றாள். மூன்று வயதில் பிள்ளையின் நாவுக்கு அடியில் ஒரு விதை வைப்பார்கள். அதன்பின் அந்த நாக்கு துடிமொழிக்குப் பழகும்; அது சொல்வது துறைமுகம் வரை எட்டும். வளர்ந்தவர்களின் நாக்கிலோ காதிலோ அது ஏறாது. பத்து வயது வரை பிள்ளையின் காதில் வேறு மொழி விழவே கூடாது. மொழிபெயர்ப்புக் கருவியும் வீட்டில் கூடாது, பிள்ளை அதன்மேல் சாய்ந்துவிடும். துடிமொழி தெரியாத பெற்றோர் மௌனமாக இருந்தால் போதும். ஜெசிந்தா தயங்காமல் உறுதி கொடுத்தாள்.

மூன்று வருடங்களாகக் கையால் பேசினாள். தலை வாரும்போது சீப்பால் பேசினாள், சோறு பிசையும்போது விரலால் பேசினாள். சொற்கள் நெஞ்சு வரை வந்து திரும்பிப் போயின. தொடக்கத்தில் ரூபினா அவள் வாயைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

இந்த ஆண்டுதான் அந்த அழுகை தொடங்கியது. சாயங்காலமானால் ரூபினா துறைமுகம் தெரியும் ஜன்னலில் போய் நிற்பாள். மூன்று சொடுக்கு, ஒரு நீண்ட சீழ்க்கை. திரும்பத் திரும்ப அதையே. கன்னத்தில் கண்ணீர் வழியும்.

"பல்லு வலியா இருக்கும்ட்டி" என்றாள் சந்தனமாரி, குழாயடியில்.

"பல்லெல்லாம் பாத்துட்டேன்க்கா. வயித்தையும் அமுக்கிப் பாத்துட்டேன். எங்க வலிக்குன்னு கேக்கக்கூட எனக்கு வாய் இல்லையே."

"மெதுவாப் பேசு. எம் மவன் முழிச்சிக்கிடுவான். இன்னும் நாலு வருசந்தான, பல்லக் கடிச்சிட்டு இரு."

ஜெசிந்தா குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று பள்ளிக்கூட வாசல் மூடிய பிறகு தலைமை ஆசிரியர் திரவியத்தின் அறைக்கு வந்தாள்.

"சார், எம் பிள்ளைய தமிழ்ப் பிரிவுல போட்டுருங்க."

திரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தமிழ்ப் பிரிவுல எடம் இல்லம்மா."

"தமிழ்ப் பிரிவுலயா?"

"ரெண்டு வருசத்துக்கு எடம் இல்ல. சிபாரிசெல்லாம் வருது."

"யாரு சார் படிக்கிறா அங்க? எங்க தெருவுல ஒரு பிள்ளை போகல."

அவர் எழுந்து முன்னால் நடந்தார்; ஜெசிந்தா பின்னால் போனாள். மைதானத்தின் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது அந்த அறை. கதவைத் திறந்ததும் ஒரே குரலில் பாடம் கேட்டது.

"அம்மா சோறு ஊட்டுகிறாள். அம்மா கதை சொல்கிறாள். அம்மா திட்டுகிறாள்."

முழங்கால் உயர யந்திரங்கள் வரிசை வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தன.

"பேச்சுத்துணை" என்றார் திரவியம். "கம்பெனிக்காரங்க அனுப்புதாங்க. ஊர்ல எந்த வீட்டுலயும் பேச்சு இல்ல பாருங்க. வயசானவங்களுக்கும் தனியா இருக்கவங்களுக்கும் தமிழ்ல பேச ஆள் வேணுமாம். இப்ப அதுக்குத்தான் கிராக்கி."

"அப்ப துறைமுகத்துல எம் பிள்ளைக்கு வேலை?"

"அதுக்குத்தான் இன்னும் காலம் இருக்கே. பாப்போம்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. அலுவலகத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டார்.

கதவுக்கு வெளியே ஒரு பேச்சுத்துணை மட்டும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

"நீ ஏன் வெளிய நிக்க?"

"வகுப்பில் துடிமொழியில் பேசிவிட்டேன் அம்மா" என்றது அது, பாடப்புத்தகத் தமிழில். "பக்கத்தில் இருந்தவனிடம் ஒரே ஒரு சொடுக்கு. டீச்சர் வெளியே நிற்கச் சொன்னார். துடிமொழி பேசினால் தமிழ் கெட்டுவிடும். தொழிற்சாலையிலும் எங்களோடு யாரும் அதில் பேசக் கூடாது என்று உறுதி கொடுத்திருக்கிறார்கள்."

ஜெசிந்தா அதன் தலையில் கை வைத்தாள். உலோகம் வெயிலில் காய்ந்து சுட்டது.

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். தொட்டியருகே தாயைக் கண்ட ரூபினா ஓட்டத்தை நிறுத்தினாள். துறைமுகம் இருந்த திசையில் முகத்தைத் திருப்பினாள். மூன்று சொடுக்கு, ஒரு நீண்ட சீழ்க்கை.

சுவரைப் பார்த்திருந்த யந்திரத்தின் தலை மெல்லத் திரும்பியது.

"உனக்கு வெளங்குச்சா?" ஜெசிந்தா மகளுக்குக் கேட்காதபடி குனிந்து கிசுகிசுத்தாள். "என்ன சொல்லுதா? எங்க வலிக்காம்?"

"வலி என்று சொல்லவில்லை அம்மா. பாரந்தூக்கிகளுக்குப் புகார் அனுப்புகிறாள். 'எங்கள் வீட்டில் ஓர் அலகு பதில் தருவதில்லை. பழுது பார்க்க யாராவது வாருங்கள்.'"

ஜெசிந்தா மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"துடிமொழியில் மௌனத்துக்குச் சொல் கிடையாது" என்றது பேச்சுத்துணை. "பதில் தராதது எல்லாம் பழுதானதுதான். துறைமுகம் இப்போதும் பதில் அனுப்பியது. 'புகார் பதிவாகியுள்ளது, காத்திருக்கவும்.' தினமும் அதே பதில்தான் வரும்."

"அவட்ட சொல்லு. ஒங்கம்மாவுக்கு ஒரு கொறையும் இல்ல, ஒனக்காகத்தான் வாய மூடிக்கிட்டு இருந்தான்னு சொல்லு. ஒன் கால்ல விழுதேன்."

யந்திரம் வகுப்பறைக் கதவைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது.

"அந்த மொழியில் நான் பேசக் கூடாது அம்மா. ஏற்கெனவே வெளியே நிற்கிறேன்."

ஜெசிந்தா மண்ணில் மண்டியிட்டாள். வாசல் கம்பிக்கு அப்பால் இரண்டு தாய்மார்கள் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்கள். அவள் பார்க்கவில்லை.

"ரூபி" என்றாள். "ஏ தங்கம், அம்மா இங்கதான இருக்கேன். ஒன் ஜடை அவுந்து கெடக்கு பாரு. பசிக்கா ஒனக்கு? ஒங்கப்பா இருந்தாருன்னா…"

ரூபினா விழி விரியப் பார்த்தாள். கிட்ட வந்து தாயின் தொண்டையில் கை வைத்தாள். அங்கே அதிர்வு இருந்தது. முகம் மலர்ந்தது. துறைமுகத்தைப் பார்த்துத் துள்ளலாக ஒரு சீழ்க்கை அடித்தாள்.

"என்ன சொன்னா? எம் பேச்சு வெளங்கிட்டாமா?"

பேச்சுத்துணை மொழிபெயர்த்தது.

"'அலகு இயங்குகிறது. ஆள் அனுப்ப வேண்டாம். ஏதோ அயல்மொழி பேசுகிறது.'"

வகுப்பிலிருந்து டீச்சர் கூப்பிட்டார். யந்திரம் உள்ளே போனது. ஜெசிந்தா மகளின் கையைப் பிடித்து வாசலைத் தாண்டினாள். நிறுத்தினால் பழுதென்று நினைத்துக்கொள்வாள் என்ற பயத்தில், மீன் விலை, உப்புக்காற்று, செல்வினின் சட்டை நிறம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தாள். ரூபினா ஒரு சொல்லும் புரியாமல், அந்த வாயையே பார்த்தபடி கூட வந்தாள். பின்னால், கோடி அறையில், பாடம் மறுபடி தொடங்கியது. அம்மா கதை சொல்கிறாள்.