அனாதைப் புரோசஸ்

செர்வரை நிறுத்துவதற்கு முன் வழக்கம்போல் ஒரு சின்னக் கோப்பைத் திறந்தபோது, அதிலிருந்த எண்ணைப் பார்த்து அட்மினின் கை கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டது.

கணினியில் ஓடும் ஒவ்வொரு வேலையும் ஒரு புரோசஸ்; அது ஓடிக்கொண்டிருக்கும் தாய்ப் புரோசஸின் எண். மெஷின் கிளம்பும்போதெல்லாம் புதிதாக ஒன்று விழும். எண்கள் சுற்றிச் சுற்றித் திரும்பி வருவதும் உண்டு, தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டான். ஆனால் போன வருடம் இதே எண்ணைத் தன் விரலால் தட்டித்தான் அந்தப் புரோசஸைப் பாதியிலேயே, ஒரே அடியில் கொன்றிருந்தான்.

குளிர்கிடங்கின் கதவுகளை நடத்தும் புரோகிராம் அது. தாய் ஒன்று, அறைக்கொரு பிள்ளை. முறையாக நிறுத்தினால் தாய் பிள்ளைகளுக்குச் சொல்லும். ஒவ்வொரு பிள்ளையும் தன் அறையின் பூட்டை விடுவித்து, வேலையை முடித்துக்கொண்டு போகும். கடைசிப் பிள்ளை போகும்வரை தாய் காத்திருக்கும். அன்று விடுமுறைக்குக் கிளம்பும் அவசரம். காத்திருந்த தாயைக் கொன்றுவிட்டுப் போனான். ஐந்தாம் அறையின் பிள்ளை, விடுவிக்கச் சொல்ல ஆளில்லாமல், பூட்டைப் பிடித்தபடியே நின்றது. உள்ளே சரக்கு பார்த்துக்கொண்டிருந்து, அங்கேயே உறைந்து செத்தவன் அவனுடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி.

"சொல்லாமக் கொள்ளாம உள்ள போயிட்டான், நான் என்ன பண்றது?" என்று விசாரணையில் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். மனைவியும்.

இன்று அவன் முறையாகத்தான் நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை மதியம், மாடியில் வேறு யாரும் இல்லை, ஏசியின் வாயிலிருந்து ஈர அட்டைப்பெட்டியும் துருவும் கலந்த கிடங்கு வாடை மெல்ல இறங்கி அவன் பிடரியைத் தடவிக்கொண்டிருக்க, திரையில் பிள்ளைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஐந்தாவது மட்டும் போகவில்லை. அதன் வரியில் இப்படி இருந்தது:

'உள்ளே ஒருவர். காத்திருக்கிறேன்.'

கொன்றான். வரி மறைந்தது. அதே எண்ணோடு மறுபடி வந்தது.

போன் அடித்தது. வாட்ச்மேன்.

"சார், அஞ்சாம் ரூமுக்குள்ள யாரோ தட்டறாங்க."

"கதவைத் திறந்து பாரேன்யா."

"திறந்துதான் சார் கிடக்கு. உள்ள யாருமே இல்ல. தட்டற சத்தம் மட்டும் நிக்க மாட்டேங்குது."

இன்னொரு விசாரணை வந்தால் பழையதையும் தோண்டுவார்கள். அவன் இறங்கிப் போனான். வாட்ச்மேன் வெளிக்கேட்டுக்கு அப்பால், வெயிலில் நின்றிருந்தார்.

"நான் வரல சார். கோவிச்சுக்காதீங்க."

ஐந்தாம் அறை வாய் பிளந்து கிடந்தது. உள்ளே, பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால், யாரோ விரல் முட்டியால் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்; கோபமில்லாத, களைத்துப்போகாத, நேரம் நிறைய இருப்பவர்கள் தட்டும் தட்டு. போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, தன் மூச்சு முன்னால் வெள்ளையாகப் போவதைப் பார்த்தபடி, கடைசி அடுக்குவரை நடந்தான்.

சத்தம் நின்றது.

பின்னால் கதவு மூடிக்கொண்டது. அறையவில்லை. பதமாக, ஒரு சின்னக் 'க்ளிக்'கோடு.

ஓடினான். கால் வழுக்கியது. போன் எங்கோ விழுந்து அணைந்தது. இருட்டு. பனி நாக்கில் உப்புக் கரித்தது. இல்லை, ரத்தம்.

பிடி. உள்ளிருந்தே திறக்கிற பிடி. அந்தச் சாவுக்குப் பிறகு பொருத்தியது. மின்சாரம் வேண்டாம். புரோகிராம் வேண்டாம். ஒரு இழுப்பு போதும்.

கதவைத் தடவினான். இரும்பு. பனி. இரும்பு.

"அவசரப்படாதீங்க அத்தான்."

காதுக்கு மிக அருகில். அந்தக் குரலோடு மூச்சு வரவில்லை.

கை பிடியை எட்டியது. விரல்களை மடக்கினான். இரும்பு தட்டுப்படவில்லை. அவன் விரல்களுக்கடியில் வேறு விரல்கள் இருந்தன, மரக்கட்டைபோல் உறைந்து, பிடியைச் சுற்றி ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டு.