நாலாவது ஜோடி

முப்பது பேர் நின்றார்கள். முப்பத்தொரு ஜோடி செருப்பு இருந்தது.

கலைமதி கேட்டுக்கு உள்ளே நின்றபடி இன்னொரு முறை எண்ணினாள். தில்லை நகரின் அந்தக் குறுக்குத் தெருவில் ஆறு மணி வெளிச்சம் இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. எதிர் வீட்டு வாசலில் தெளித்த தண்ணீரின் ஈர வாசமும், முனைக்கடைப் பால் கொதிக்கும் வாசமும், அவள் அப்போதுதான் துடைத்துவிட்டு வந்த கிளினிக் தரையின் பினாயில் நெடியும் கலந்து வந்தன. அவற்றுக்கு அடியில் வேறொரு நாற்றம். எரிந்த குப்பையின் புகை.

லால்குடியிலிருந்தும் துறையூரிலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வருகிறவர்கள் இந்த இதய டாக்டர் வீட்டு வாசலில் செருப்பை வரிசையாகக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். எதிர் பாங்க் படியில் சாய்ந்து கண்ணை மூடுவார்கள். அவர்களுக்குப் பதிலாகச் செருப்பு நிற்கும். ஆறு மணிக்குக் கலைமதி செருப்பு வரிசைப்படி டோக்கன் கொடுப்பாள். முப்பது டோக்கன்தான். பதினொரு வருஷமாக இதுதான் நடைமுறை. அடுத்தவர் செருப்பை யாரும் தொடமாட்டார்கள்.

டோக்கன் வாங்கியவர்கள் அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். கடைசியில் ஒரு ஜோடி மட்டும் மிஞ்சியது. நீல ரப்பர் செருப்பு. இடது காலுக்கு மட்டும் சிவப்பு வார்.

மாதா மாதம் பிரஷர் பார்க்க வரும் ஆட்டோக்காரர் அடைக்கலம் எட்டிப் பார்த்தார். "ஆளில்லாம செருப்பு மட்டும் வந்திருக்கா? அதுக்கும் ஒரு ஈசிஜி எடுத்து அனுப்பும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். கலைமதி குனிந்து அந்தச் சிவப்பு வாரைப் பார்த்தாள். அந்தச் செருப்பை ஒரு மாதத்துக்கு முன்னால் அவள்தான் குப்பை வண்டியில் போட்டாள்.

அன்றைக்கு முந்தின ராத்திரி பக்கத்து வீட்டம்மா போன் செய்து, காலையில் சீக்கிரம் ஒரு நம்பர் போட்டு வைக்கச் சொல்லியிருந்தார். தெருக்காரர்களுக்கு இல்லையென்று சொன்னால் டாக்டர் காதுக்குப் போகும். அதனால் விடிவதற்குள் வரிசையில் நாலாவதாக இருந்த ஜோடியை விளக்குமாற்றால் குப்பையோடு தள்ளிவிட்டு, அந்த இடத்தில் பக்கத்து வீட்டுச் செருப்பை வைத்தாள். எப்போதும் செய்வதுதான். வெளியூர்க்காரர்களின் செருப்பில் சுமாரானதாகப் பார்த்துத் தள்ளுவாள். அவர்கள் சண்டை போடமாட்டார்கள்.

அந்த நீலச் செருப்புக்கார அம்மாளும் போடவில்லை. மாத்திரை போட வெந்நீர் வாங்கப் போய்விட்டுத் திரும்பியவர், வெறுங்காலோடு வரிசை நெடுகத் தேடினார். நாலாவதாக விட்டதாக மெதுவாகச் சொன்னார். தான் பார்க்கவில்லை, டோக்கன் முடிந்தது, நாளைக்கு வாங்க என்றாள் கலைமதி. நெஞ்சைத் தடவிக்கொண்டே நடந்து போனார் சந்திரம்மாள். லால்குடி பஸ்ஸிலேயே உயிர் போய்விட்டது.

ஒரு வாரம் கழித்து அவர் மகன் இளவரசன் வந்து விசாரித்தபோதுதான் அவளுக்கு அந்தப் பெயரே தெரிந்தது. அப்படி யாரும் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். டோக்கனில் ஒரு புகார் வந்தால் அன்றைக்கே அறையைக் காலி பண்ண வேண்டும் என்பது டாக்டர் போட்ட நிபந்தனை. கார் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒற்றை அறையை விட்டால் இந்த ஏரியாவில் அவளுக்கும் மகள் கனிஷ்காவுக்கும் ஒண்ட இடமில்லை. கனிஷ்காவுக்கு இது பிளஸ் டூ வருஷம்.

இந்தத் திங்கட்கிழமை, மிஞ்சிய நீலச் செருப்பைப் பையில் சுற்றி மறுபடியும் குப்பை வண்டியில் போட்டாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை அது இருபத்திரண்டாவதாக இருந்தது. கொண்டுபோய்க் குடமுருட்டி ஆற்றுப் பாலத்திலிருந்து வீசினாள். புதன்கிழமை பதினாலாவதாக இருந்தது. ஈரம் சொட்ட. வியாழக்கிழமை ஐந்தாவது. இரண்டு பக்கமும் இருந்த செருப்புகள் அதற்கு இடம் விட்டு ஒதுங்கியிருந்தன.

அன்று சாயங்காலம் இளவரசன் மறுபடி வந்தான். தாடி வளர்ந்திருந்தது. உட்காரச் சொன்னதற்கு வேண்டாமென்று தலையாட்டினான். கூடப் போகாமல் அம்மாவைக் கொன்றுவிட்டதாகத் தங்கை அவனோடு பேசுவதில்லையாம். நேரத்துக்கு டாக்டரிடம் காட்டாமல் எங்கேயோ அலையவிட்டுவிட்டான் என்று ஊரே சொல்கிறதாம்.

"செருப்பில்லாம கெடந்தாங்கக்கா. வெறுங்காலோட எங்கம்மா கொல்லைக்குக்கூடப் போகமாட்டாங்க. அன்னைக்கு இங்க வந்தாங்களா இல்லையா? நீங்க என்ன சொன்னாலும் நம்பிட்டுப் போயிடுறேன்."

உள்ளே கனிஷ்கா சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"வரலைங்க தம்பி," என்றாள் கலைமதி.

அவன் கும்பிட்டான். கும்பிட்டுவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை அவளை எழுப்பியது அலாரம் அல்ல, நிசப்தம். வழக்கமாகக் கேட்டுக்கு வெளியே இருமல் கேட்கும், எக்ஸ்ரே கவர் உரசும், யாராவது பஸ்காரனைத் திட்டுவார்கள். இன்று ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. டோக்கன் கட்டை எடுத்துக்கொண்டு அறைக் கதவைத் திறந்தாள்.

புகை நாற்றம் முகத்தில் அடித்தது.

வரிசை இன்று கேட்டில் தொடங்கவில்லை. அவள் அறை வாசலில் தொடங்கியது.

முதலாவது ஜோடி நீலம். முனை அவளைப் பார்த்திருந்தது. அதற்குப் பின்னால் தேய்ந்த தோல் செருப்பு. அதற்குப் பின்னால் பூப்போட்ட குழந்தைச் செருப்பு. அப்புறம் ஒரு கால் மட்டும் குதிகால் உயர்த்திய ஜோடி. அது யாருடையது என்று தெரிந்தது. அதை ஒரு மழை நாளில் தள்ளினாள். அடுத்தது பொங்கலுக்கு முந்தின நாள். அதற்கடுத்தது பக்கத்து வீட்டு மருமகளுக்காக. ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. பதினொரு வருஷம். வரிசை கார் ஷெட்டைத் தாண்டியது. பூட்டிய கேட்டைத் தாண்டியது. தெருவில் வளைந்து போனது. முடிவு தெரியவில்லை.

தெருவில் ஒரு ஆள் இல்லை.

குனிந்து பார்த்தாள். நீலச் செருப்பின் வார்கள் விறைத்து நின்றன. ரப்பர் அடிப்பாகம் தரையோடு அழுந்தியிருந்தது. உள்ளே கால் இருப்பதுபோல. எல்லாச் செருப்பும் அப்படியே.

"யாரும்மா வெளிய?" கட்டிலிலிருந்து கனிஷ்கா.

கலைமதியின் கையிலிருந்து டோக்கன்கள் சிதறின.

"வந்தாங்க," என்றாள். "நாலாவதா வந்தாங்க. நான்தான் தள்ளினேன்."

கேட்க வேண்டியவன் அங்கே இல்லை.

சிவப்பு வார் மெல்ல உயர்ந்தது. இடது செருப்பு வாசற்படி மேல் அழுத்தமாகப் பதிந்தது. அதற்குப் பின்னால், தெரு முழுக்க, அத்தனை செருப்பும் ஓர் அடி முன்னால் வந்தன.