எடு ராசா

வீமன் சோற்றுச் சட்டியைப் பார்க்கவில்லை. சாக்கில் தாடையை வைத்தபடி, பூட்டியிருந்த முன்கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தது. மீன்குழம்பில் குழைத்த சோறு காய்ந்து வெடித்திருந்தது. கிண்ணத்துத் தண்ணீரில் ஓர் எறும்பு மிதந்தது. பிரியவதனி விரலை நனைத்து நாயின் வாயில் தடவினாள். நாக்கு அசையவில்லை.

ஆளில்லாத வீடுகளில் களவெடுக்க வருகிறவர்கள் முதலில் நாய்க்குத்தான் நஞ்சு வைப்பார்கள். அதனால் வீட்டுக்காரர் பரமலிங்கத்தார், பிரியவதனியின் பெரியையா, அதைக் குட்டியிலேயே பழக்கியிருந்தார். மோதிரத்தால் சட்டியில் இருமுறை தட்டுவார், "எடு ராசா" என்பார். அது கேட்காமல் வீமன் யார் வைத்ததையும் தொடாது. மகளிடம் கனடாவுக்குப் போனபிறகும் தினமும் வீடியோவில் வந்தார். அங்கே குவளையில் மோதிரம் தட்டும், இங்கே சரவணை ஊரில், அவருடைய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பிரியவதனி போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், வீமன் சாப்பிடும். போன கிழமை அவர் இறந்துபோனார். அங்கேயே எரித்தார்கள்.

"டொக்டர் என்னவாம்?" தாய் சத்தியபாமா வேலிக்கு மேலால் கேட்டாள்.

"வயசு போட்டுதாம். ஏத்தின சேலைன் இண்டைக்குத்தான் தாங்குமாம். இனித் தானாக் குடிச்சால்தான் தப்புமாம்."

"நீயும் அதோட பட்டினி கிடக்கிறாய். பாக்க ரெண்டு நாய் கிடக்கிற மாதிரிக் கிடக்கு."

"அம்மா, பெரியையான்ர குரல் ஒண்டு போனில கிடக்கு. லைன் கிடைக்காத நாள் அனுப்பினவர். போட்டுப் பாக்கட்டே?"

தாயின் முகம் மாறியது. "அவருக்கு முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிக் கிரியை இன்னும் முடியேல்லை. பொழுதுபடுற மம்மல் நேரத்தில அந்தக் குரலை வீட்டுக்க விடாதை பிள்ளை. வழி தெரியாமல் நிக்கிற சீவனை நாங்களே கூப்பிட்ட மாதிரி."

பொழுது சாய்ந்து மழை இறங்கியதும் மின்சாரம் போனது. கடற்கரையில் அழுகும் சாதாளைப் புல்லின் நாற்றத்தை வாடைக்காற்று யன்னல் இடுக்கால் கொண்டுவந்து சேர்த்தது. ஓட்டிலிருந்து வழிந்த நீர் வாளியில் விழுந்து, கூரைப் பீலியில் ஓடி, பூட்டிய அறைகளுக்குள் யாரோ வெறுங்காலோடு நடப்பதுபோல் ஒலித்தது. அந்த ஒலிகளுக்கு நடுவே அவள் வீமனின் மூச்சைத் தேடித் தேடிக் கேட்டாள். விலா எழுந்தது. நெடுநேரம் கழித்து மறுபடி எழுந்தது. இந்தப் பெரிய வீட்டில் அவள் பயமில்லாமல் விளக்கேற்றியதெல்லாம் அது காலடியில் நின்றதால்தான். அதைச் சாக விட அவளுக்கு மனம் வரவில்லை.

போனை அழுத்தினாள்.

ணங். ணங். "வந்திட்டன். எடு ராசா."

வீமனின் காது நிமிர்ந்தது. போனின் பக்கம் அல்ல. கதவின் பக்கம்.

மறுபடி போட்டாள். மறுபடியும். சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது.

ணங். ணங்.

இருட்டில். சட்டியிலிருந்து.

பெரியையாவின் சுருட்டு மணத்தது. அதோடு நனைந்த சாம்பல் மணமும். பிறகு, தண்ணீரை நக்கும் சத்தம். சளப், சளப். பயத்தைவிடப் பெரிதாக அழுகை வந்தது அவளுக்கு.

"குடி வீமா... குடியடா..."

தீப்பெட்டியைத் தேடித் தரையில் துழாவினாள். சாக்கு தட்டுப்பட்டது. சாக்கின் மேல் மயிர். காது. குளிர்ந்த காது.

விலாவில் கை வைத்தாள். எழவில்லை.

சளப். சளப்.

குச்சியைக் கிழித்தாள். வீமன் கண் திறந்தபடி சாக்கில் விறைத்துக் கிடந்தது. கிண்ணத்தருகே எதுவும் இல்லை. தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. எறும்பு அடியில் ஒட்டியது.

சத்தம் நின்றது. வெறும் சீமெந்துத் தரையில் ஒரு வால் அடித்தது. சந்தோசமாக.

சோற்றுச் சட்டி அசைந்தது. தரையில் உரசி உரசி வந்து அவளுடைய முழங்காலைத் தொட்டது. அதில் பாதிச் சோறு மிச்சம் இருந்தது.

குச்சி விரலைச் சுட்டு அணைந்தது.

ணங். ணங்.

"எடு பிள்ளை."