ஐம்பத்தொரு தாள்

சிவப்பு நாடா அவிழ்ந்து கிடந்தது.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில், பிப்ரவரிப் பனியில் பகலெல்லாம் சறுக்குவண்டியில் வந்து, குதிரை வியர்வையும் ஈரக் கம்பளியும் மணக்க வீட்டுக்குள் நுழைந்த நீதிபதி அலன்சன் விட்கம், மேலங்கியைக் கழற்றாமல் படிப்பறை வாசலிலேயே நின்றார்.

மேசைமேல் ஆரின் பாஸ்கம் வழக்கின் நகல் கட்டு. ஐம்பத்தொரு தாள். எழுத்தர் போட்டனுப்பிய முடிச்சை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. மூன்று நீதிபதிகளில் ஒருவர் வழக்குக்கட்டை வீட்டில் வைத்துப் படிப்பார். மற்ற இருவரும் அவர் சொல்லை நம்பிக் கையெழுத்திடுவார்கள். மாநில உச்ச நீதிமன்றத்தில் அப்படித்தான் வழக்கம். விட்கம் கட்டைப் பிரிக்காமலே தூக்கை உறுதிசெய்து எழுதினார். நவம்பரில் பாஸ்கம் தொங்கினான்.

இப்போது பதினேழு தாள்கள், யாரோ படித்து முடித்ததுபோல, ஒழுங்காகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

வீட்டுவேலை பார்க்கும் டார்கஸைக் கூப்பிட்டு, உள்ளே வந்தாயா என்று கேட்டார். அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தூசி தட்டக்கூட விடமாட்டீங்களே, ஐயா. எனக்கு எழுத்தும் தெரியாது. படிக்கவேண்டிய நீங்களே அதைப் படிக்கலேன்னு ஊரே பேசுது. நான் எங்கே படிக்க?"

அவர் அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மதியம் திறந்தபோது முப்பத்துநாலு தாள்கள் கவிழ்ந்திருந்தன. கவிழ்ந்தவற்றில் கடைசித் தாளை உருவிப் பார்த்தார். கொலை நடந்த இரவு முழுவதும் பாஸ்கம் பதினெட்டு மைல் தள்ளி, தன் வீட்டுக் கட்டிலில் காய்ச்சலில் கிடந்தான் என்று ஒரு மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தச் சாட்சியத்தை ஜூரி கேட்கவே கூடாதென்று கீழ் நீதிமன்றம் தடுத்திருந்தது. மேல்முறையீடே அதற்காகத்தான்.

மொத்தக் கட்டையும் அள்ளிக் கணப்பு அடுப்பில் திணித்தார். தாள்கள் சுருண்டு கருகி, உதிர்ந்து சாம்பலாகும்வரை கண்ணெடுக்காமல் நின்றார். பிறகு திரும்பினார்.

கட்டு மேசைமேல் இருந்தது. கவிழ்ந்தவை முப்பத்தைந்து.

முழுக்கப் படித்தபின் ஒரு நீதிபதி என்ன செய்வார் என்று அவருக்குத் தெரியும். தீர்ப்பு எழுதுவார். இருபத்திரண்டு வருடமாக அவர் எழுதிவந்ததும் அதுதான்.

மூன்றாம் நாள் காலை வெயில் பனிமேல் கண்கூச விழுந்தது. வண்டியைப் பூட்டச் சொல்லிவிட்டுக் கூடத்தில் இறங்கியவருக்கு, பூட்டிய கதவுக்கு அப்பால் ஒரு சத்தம் கேட்டது. விரலை எச்சிலில் நனைக்கும் சத்தம். தாள் புரளும் சத்தம். நனைந்த சணல் கயிற்றின் வாடை.

நாற்பத்தொன்பது.

ஐம்பது.

வாசல் கதவு நாலே அடி தூரத்தில் இருந்தது. கால் அந்தப் பக்கம் போகவில்லை.

ஐம்பத்தொன்று.

அமைதி. பின் பேனா முள் கீறத் தொடங்கியது. நிதானமாக. வரி வரியாக.

நின்றது.

பூட்டு உள்ளிருந்து திறந்தது. கதவு விலகியது. நாற்காலியில் யாரும் இல்லை. மேசையில் ஒரே ஒரு தாள். மை காயவில்லை.

அலன்சன் விட்கம். கழுத்தில் கயிறிட்டு. உயிர் பிரியும்வரை.

கீழே இரண்டு கையெழுத்துகள். இரண்டுநாள் பயணத் தொலைவில் இருக்கும் மற்ற இரு நீதிபதிகளுடையவைதான். கோடு தவறாமல், சுழி மாறாமல்.

மூன்றாவது கோடு காலி.

அவருடைய வலது கை எழுந்தது. அவர் எழுப்பவில்லை. பேனாவை எடுத்தது. மையில் தோய்த்தது. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்தார். முழு பலத்தோடு பிடித்தார். எலும்பு நெரிந்தது.

முதல் எழுத்து விழுந்தது. எப்போதும்போல் அழகாக.